ஒரு மணி நேரத்தில் பதில் வராவிட்டால்

வியாழன், காலை 10.10.

நாற்பது பெட்டி இன்சுலினை இறக்கிய கிடங்கில் இப்போது மிச்சமிருந்தது கால் உடைந்த நாற்காலி ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்த மாதத்தில் இது ஐந்தாவது மின்னஞ்சல் மோசடி. எல்லாரும் ஒரே பாட்டு: "சந்தேகமாத்தான் இருந்துச்சு மேடம், யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை." சொன்னவர்களுக்கும் விடிவில்லை. அவருடைய இணையக் குற்றப் பிரிவு ஸ்டேஷனின் புகார்ப் பெட்டியில் திறக்காத மெயில்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. இருப்பது ஒரே ஆள். எதைத்தான் பார்ப்பது?

விஷயம் இதுதான். மருந்து விநியோகக் கம்பெனிக்கு, ஆஸ்பத்திரி அனுப்பியதுபோல் புதன் காலை ஒரு மெயில்: 'எங்கள் குளிர்பதன அறை பழுது. இன்றைய சரக்கை இந்தக் கிடங்கில் இறக்கவும்.' வண்டி போனது, இறக்கியது, திரும்பியது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன்: "எங்க மருந்து எங்கே?"

காலை 11.00. கம்பெனி அலுவலகம்.

"இந்தம்மாதான் அனுப்பினாங்க," என்றார் மேனேஜர். "அஞ்சு மணிக்குள்ள ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லிட்டேன்."

சரக்கு அனுப்பும் பிரிவின் எழுத்தர் அவர். பதினெட்டு வருஷ சர்வீஸ். வரும் மெயில், போகும் மெயில் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. 'பேப்பர் அக்கா' என்று ஆபீசே கிண்டலடிக்கும்.

"நான் புகார் பண்ணேன் மேடம்." அக்கா கோப்பைப் பிரித்தார். "போலியா இருக்கும்போலன்னு உடனே கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பினேன்."

கிளிப் போட்ட தாள்களை நீட்டினார். இன்ஸ்பெக்டர் மேல் தாளைப் படித்தார். புதன், காலை 9.12. திருப்பிக் கொடுத்தார்.

"அப்புறம் ஏன் சரக்கை விட்டீங்க?"

அக்கா சுவரைக் காட்டினார். அங்கே ஒரு அறிவிப்பு: 'சந்தேகமான மெயிலைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பவும். ஒரு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் மெயில் சரியானது என்று கொள்ளவும்.'

"பதில் வரலை. போன் அடிச்சேன், எடுக்கலை. பத்தேகாலுக்கு மேனேஜர் சார் வந்து 'இன்னும் என்ன வேடிக்கை'ன்னு சத்தம் போட்டார். வண்டியை விட்டுட்டேன்."

"பதில் வரலைன்னா சரின்னு அர்த்தமா?" இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எந்தப் புண்ணியவான் எழுதினது இது?"

"என் மச்சினன்," என்றார் மேனேஜர் சுரத்தில்லாமல். "கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. கெட்டிக்காரன் மேடம்."

காலை 11.40. கம்ப்யூட்டர் அறை.

"எனக்கு எதுவும் வரலையே," என்று மச்சினன் திரையைத் திருப்பிக் காட்டினான். திங்கள், செவ்வாயில் வந்த புகார்கள் இருந்தன. அக்காவின் புதன்கிழமைப் புகார் இல்லை. "பிரிண்ட் எடுத்த அவசரத்துல அக்கா அனுப்ப மறந்திருப்பாங்க." சிரித்தான்.

"அதே மெயிலை இப்போ மறுபடி அனுப்பட்டும்."

அக்கா அனுப்பினார். பத்து நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. பிறகு பழைய லாட்டரி மோசடி மெயில் ஒன்றை அனுப்பச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

"லாட்டரி வருது. ஆஸ்பத்திரி மட்டும் ஏன் வரலை?"

மச்சினன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுவா… குப்பையை வடிகட்ட என் பெட்டியில ஒரு விதி போட்டிருக்கேன். அந்தப் போலி ஆஸ்பத்திரி முகவரி இருக்கற மெயில் தானா அழிஞ்சிடும். கம்பெனிக்கு அதுலேர்ந்து முதல் மெயில் வந்ததைப் பார்த்ததுமே போட்டேன்."

"முதல் மெயில் எப்போ வந்தது?"

"புதன் காலை. ஒன்பது அஞ்சுக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"இல்லை மேடம். அன்னைக்குத்தான் முதல் தடவை."

"விதியைத் திறங்க."

விரல்கள் தயங்கின. இன்ஸ்பெக்டரே எட்டி அழுத்தினார். 'உருவாக்கிய நேரம்: செவ்வாய், மாலை 4.40.'

"புதன்கிழமை வரப்போற முகவரியைச் செவ்வாய்க்கிழமையே எப்படித் தடுத்தீங்க? அதை உருவாக்கின ஆளைத் தவிர வேற யாருக்கும் அது தெரியாதே. அக்கா புகார் பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். புகாரை அழிச்சா பதில் வராது. பதில் வரலைன்னா சரக்கு கிளம்பிடும். அந்த அறிவிப்பும் நீங்க எழுதினதுதான்."

வாசலில் நின்ற மேனேஜர் கத்தினார்: "டேய், வீட்டுல உங்க அக்கா மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?"

மாலை 4.15.

அவனுடைய கூட்டாளியின் கார் ஷெட்டில் நாற்பது பெட்டியும் கிடைத்தன. ஒரு நாளுக்கு மேல் தகரக் கூரைச் சூட்டில் கிடந்த இன்சுலினை எந்த நோயாளிக்கும் போட முடியாது. ஆஸ்பத்திரி மூன்று இடங்களில் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தது.

கம்பெனி அலுவலகத்தில் மேனேஜர் அக்காவின் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டே, "நீங்க பண்ணதுதாங்க சரி. எல்லாரும் இப்படிப் புகார் பண்ணா எங்க வேலை பாதி குறையும்," என்றார்.

பேப்பர் அக்கா சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து, காலையில் நீட்டிய அதே தாள்களில் இரண்டாவதைப் புரட்டினார்.

"இதை நீங்க பார்க்கலை மேடம்."

அதே மெயில், அதே புகார். பெறுநர்: போலீஸ் இணையக் குற்றப் பிரிவு. புதன், காலை 9.20.

"கம்ப்யூட்டர்காரர் பதில் சொல்லலைன்னாலும் நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்."

வண்டி கிளம்பியது பத்தேகாலுக்கு. இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முழுசாக ஐம்பத்தைந்து நிமிஷம் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஸ்டேஷனில்தான் இருந்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றார்.

மாலை 5.30. ஸ்டேஷனில் நாற்காலியைக்கூட இழுக்காமல், நின்றபடியே திறக்காத இருநூறில் முதல் மெயிலைத் திறந்தார்.