மூன்று துடிப்பும் ஓர் இடைவெளியும்

எந்த நிலையமும் பிடிக்காத ஓரத்தில் முள்ளைத் தள்ளிவைத்திருந்தும் ரேடியோ துடித்தது. டிக், டிக், டிக். ஓர் இடைவெளி. மறுபடி டிக், டிக், டிக்.

அழகரத்தினம் தேநீரைக் கீழே வைத்தான். அந்த நாடி யாருடையது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். பல்கலைக்கழகக் கம்பஸை மூடிவிட்டார்கள் என்று ஊருக்குத் திரும்பிய இரண்டு எஞ்சினியரிங் மாணவர்கள், நெவிலும் அவனும், நெவிலின் இந்த வாவிக்கரை வீட்டில்தான் நாடி கேட்கும் ஒரு பட்டியைச் செய்தார்கள். மணிக்கட்டில் கட்டினால் ஒவ்வொரு துடிப்புக்கும் ரேடியோவில் சத்தம் வரும். நெவிலின் தாய் பியட்றிஸ் இருதய வருத்தக்காரி. அவள் தூங்கும்போது அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொள்ளலாம். நெவில் தன் கையில் கட்டிச் சோதித்தபோதுதான் மூன்று அடித்தால் ஒன்று தவறும் அவன் நாடி தெரிந்தது.

"உன்ட நெஞ்சே சரியில்ல, நீ அம்மாக்கு வைத்தியம் பாக்கிறியாடா?" என்று அழகரத்தினம் அன்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அதே பட்டியோடு நெவில் வாழைச்சேனைக்குப் பற்றறி தேடிப் போனான். வழியில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. பஸ் வந்தது, அவன் வரவில்லை. எட்டு நாளுக்கு மேலாகிறது.

"மனே, கேட்டியா?" உள்ளறைக் கட்டிலிலிருந்து பியட்றிஸ் கூப்பிட்டாள். "அவன்தானே? உயிரோட இரிக்கான்தானே?"

"ஓம் அன்ரி. பொறுங்க, பாத்திட்டு வாறன்."

பாவம், அந்த மனுசிக்கு வேறு என்ன சொல்வது? பட்டியின் அலை இந்த வீட்டு வளவைத் தாண்டாது. தாண்டாதபடி செய்ததே இவன்தான். வெளியே யாருடைய ரேடியோவிலாவது கேட்டால் வயர்லெஸ் வைத்திருக்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம். பட்டியில் இருந்த பற்றறியும் இரண்டு நாளுக்குமேல் தாங்காது.

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வளவில் இறங்கினான். ஊரடங்கில் தெரு செத்துக் கிடந்தது. அந்தி கறுக்க, கண்டல் வேர்களுக்குள் தண்ணீர் சளக் சளக் என்று அடிக்க, அழுகிய பாசியும் சேறும் மணக்க, வேலியோரமாக நடக்க நடக்க இரைச்சல் குறைந்து துடிப்பு தெளிந்துகொண்டே வந்தது. வாவி விளிம்பில் காது அடைக்கும்படி உரத்தது.

தண்ணீரில் யாரும் இல்லை.

"நெவில்!" என்று மெல்லக் கூப்பிட்டான்.

துடிப்பு மங்கத் தொடங்கியது. ரேடியோவை வீட்டுப்பக்கம் திருப்பினான். உரத்தது. ஓர் அடி வைத்தான். இன்னும் உரத்தது. ஐயோ, அது இவனைக் கடந்து போய்விட்டது.

உள்ளே பியட்றிஸின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "வந்திட்டியா மனே? ஏன்டா கை இப்பிடிக் குளிருது?"

ஓடினான். படி. விறாந்தை. கதவு.

பாசி மணம்.

பியட்றிஸ் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். மூச்சு இல்லை. அவள் மணிக்கட்டில் பட்டி, சேறும் ஈரமுமாக. நெவில் எப்போதும் கட்டுவதுபோல வார்ப்பூட்டு உட்பக்கமாக இருந்தது. அழகரத்தினம் அவள் நாடியைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. கையிலிருந்த ரேடியோ மட்டும் நிற்கவில்லை.

டிக், டிக், டிக்.

இடைவெளி.

கட்டிலின் ஓரம், யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, மெத்தை பள்ளமாகத் தாழ்ந்திருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து வாவித் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.