புதுப் பசையின் வாடை

செப்டம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். நாற்பத்தொன்றாம் சுருளுக்கு இரண்டு முறை டிக் போட்டுவிட்டேன். கவனக்குறைவு என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

மதிய இடைவேளையில் இதை எழுதியவள், ‘நினைக்கிறேன்’ என்று ஏன் எழுதினோம் என்று சற்று யோசித்தாள். வேறு யாருடையதாக இருக்க முடியும்?

லேபிள் கூடத்தில் மேசைக்கு இருவர். ஒருவர் லேபிள் சுருளைப் பார்த்து மருந்தின் அளவை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் சுருளைப் பார்க்கக் கூடாது. காதில் விழுவதைப் படிவத்தோடு ஒப்பிட்டு டிக் போட வேண்டும். கைக்குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்து, ஒரு வேளைக்கு 0.5 மில்லி. கூடினால் பிஞ்சு ஈரல் என்ன ஆகும் என்பதை மருந்துக்கடை உதவியாளர் படிப்புக்கான மாலை வகுப்பில் போன மாதம்தான் படித்திருந்தாள்.

பசையை மாற்றி மூன்று வாரம். நகப்பூச்சையும் அழுகிய பழத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சியதுபோன்ற வாடை, கூரையடியில் தேங்கி, மின்விசிறியின் சுற்றில் மெல்ல இறங்கி, மூக்கில் நிற்காமல் நெற்றிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எதைப் பிடித்தாலும் நழுவும். நேற்று தன் வீட்டுக் கதவு எண்ணை யோசித்து எடுக்க வேண்டியிருந்தது.

“தலை சுத்துதுக்கா.”

“மூக்கை வீட்டுல கழட்டி வெச்சிட்டு வாடி. பழகிடும்,” என்றாள் வாசிப்பவள். மூச்சு விடாமல் வாசிப்பதால் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். “நாளைக்கு நான் லீவு. நீதான் வாசிக்கணும். தூங்கிடாதே.”

பூஜ்யம் புள்ளி அஞ்சு. பூஜ்யம் புள்ளி அஞ்சு. டிக். டிக்.

மாலை வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி அவள் முழங்கைக்கடியில் எதையோ பார்த்துச் சிரித்தாள். சட்டைக்கையில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது.

“அஞ்சு மில்லியா? கொழந்தைக்கா, யானைக்குட்டிக்கா?”

“பூஜ்யம் புள்ளி அஞ்சுடி. கண்ணாடியைப் போடு.”

“நீ போடு.”

அவள் வெளியே போய்க் காற்றில் நின்றாள். நெடுநேரம் மூச்சை இழுத்து விட்டாள். தலை தெளியத் தெளிய எழுத்துகள் அசைவதை நிறுத்தின. 5 மில்லி. முன்னால் பூஜ்யம் இல்லை. புள்ளி இல்லை. அழிந்த தடமும் இல்லை. ஓரத்தில் சுருள் எண் 41.

சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டாள்.

“நாப்பத்தொண்ணா? நானே பாத்துதாம்மா கையெழுத்துப் போட்டேன். புட்டியில ஒட்டி, வண்டியும் கெளம்பிடுச்சு.”

“சார், நீங்க கூடத்துக்குள்ள அந்த வாடையில பாத்தீங்க. வெளியில வெச்சுப் பாருங்க சார்.”

“எதுக்கும்மா வெளியில? நாளைக்கு உள்ளே கொண்டு வா. நம்ம மேசையில வெச்சு எல்லாருமாப் பாக்கலாம்.”

லேபிளில் இருந்த புகார் எண்ணுக்கு அழைத்தாள். காலை பத்து மணிக்குமேல் அழைக்கச் சொன்னது ஒரு பதிவுக் குரல். அதற்குள் எத்தனை வீடு. எத்தனை தொட்டில்.

வீட்டுக்கு வந்து லேபிளை நோட்டின்மேல் வைத்து, கண்ணெடுக்காமல் காவல் இருந்தாள். பத்துக்கு முன் யாரிடமாவது காட்டிவிட வேண்டும். அது மாறாமல் இருந்தால் போதும்.

அறை சூடாக இருந்தது. லேபிளின் முதுகிலிருந்த பசை இளகியது. நெற்றிக்குப் பின்னால் யாரோ மெத்தை விரிப்பதுபோல இதமாக இருந்தது.

ஐந்துக்கு முன்னால் ஒரு கரும்புள்ளி.

எறும்பு. ஊதினாள். போகவில்லை.

புள்ளிக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவு சுற்றியது. மூடிக்கொண்டது.

வேண்டாம்.

அவள் வாய் திறந்தது. உரக்க, மூச்சு விடாமல், வாசித்தது: பூஜ்யம் புள்ளி அஞ்சு.

பேனாவை எடுத்துப் பொறுமையாக எழுதினாள்:

நாளை: காலை எட்டு மணி. ஐந்தாம் மேசை. ஐம்பதாம் சுருளிலிருந்து தொடங்க வேண்டும். வாசிப்பது நான்.