முதலில் பதிந்த குரல்

சாவியே வேண்டாத வீடு. வாயால் சொன்னால் போதும், கதவு திறக்கும், விளக்கு எரியும் என்று கட்டடக் கம்பெனிக்காரர்கள் தேனொழுகப் பேசித்தான் தலையில் கட்டியிருந்தார்கள். குடிவந்த அன்றே, பெயின்ட் வாடை கூடப் போகாத உள்ளறைக்குள் மகள் பொம்மையோடு ஓடினாள். அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"கதவைத் திற," என்று அம்மா தொண்டை கிழியக் கத்தினாள்.

"உங்கள் குரல் பதிவாகவில்லை," என்றது வீடு, நிதானமாக.

கம்பெனியின் டெக்னீஷியன் பையன் பதறி ஓடிவந்தான். தீப்பிடித்தாலும் தாங்கும் கதவு, இடித்தும் அசையவில்லை. மடிக்கணினியைத் திறந்து பார்த்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, மாடல் வீட்டுல சோதிக்கறதுக்கு எங்க சீனியர் தன் குரலையே வீட்டுக்காரர்னு பதிஞ்சிருந்தாரு. அவசரத்துல அதை அழிக்காமலே எல்லா வீட்டுக்கும் காப்பி பண்ணிட்டோம்."

"அப்ப அவரக் கூப்பிடு தம்பி."

"அவரு லிஃப்ட் குழியில விழுந்து செத்துட்டாருக்கா. இதே கட்டடத்துல."

பையன் மெயினை அணைத்தான். பூட்டின் பேட்டரியையும் கழற்றினான்.

பூட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

சாயங்கால வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது. கதவிடுக்கு வழியே லிஃப்ட் கிரீஸ் வாடை கசிந்தது. உள்ளே யாரோ ஓர் ஆண் தொண்டையைச் செருமினார்.

பையன் பின்வாங்கினான். "அவரு செருமிட்டுத்தான் எப்பவும் பேச ஆரம்பிப்பாரு."

அம்மா கதவில் காதை வைத்தாள். "கண்ணு, உள்ள யாரும்மா?"

"ஒரு மாமா. ரொம்ப இருட்டா இருக்காம் அவருக்கு. வெளிய வர வழி தெரியலயாம்."

"நீ அவர்கிட்ட பேசாத."

"பாவம்மா. நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்."

அப்புறம் சத்தமே இல்லை.

கதவு திறந்தது.

மகள் மட்டும்தான் நின்றாள். போன உயிர் திரும்பி வந்தது அம்மாவுக்கு. வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் தலைமுடியில் கிரீஸ் வாடை அடித்தது.

"மெயினைப் போடு தம்பி. கண்ணே தெரியல," என்றாள்.

அவன் போட்டான். விளக்கு எதுவும் எரியவில்லை. வீடு உத்தரவுக்காகக் காத்திருந்தது.

தோளில் சாய்ந்திருந்த மகள் மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

"விளக்கைப் போடு."

"சரி, சார்," என்றது வீடு.