நாற்காலி போட்ட இடம்

"ஐயோ... என் முதுகு!"

யானினாவின் வாசற்படியில் விழுந்து கிடந்தான் டெக்லன். எதிர்வீட்டுக்காரன். படியெல்லாம் ஐஸ். மறுவாரமே வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது.

அது போன குளிர்காலம்.

இந்தக் குளிர்காலத்தில், சிகாகோ கோர்ட்டில், பிரதிவாதி மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தாள் யானினா. வீட்டுக் காப்பீடு காலாவதியானதைக் கவனிக்காமல் விட்ட புண்ணியவதி. வக்கீல் வைக்க வசதியில்லை. தோற்றால் வீடு போய்விடும். தூக்கம் போய் எத்தனையோ நாளாயிற்று. இப்போது பயப்படக்கூட அலுப்பாக இருந்தது.

"கடைசியா சொல்றேன்..." டெக்லனின் வக்கீல் ஹாலோரன் அவள் பக்கம் குனிந்தார். "வீட்டை வித்து செட்டில் பண்ணிடுங்கம்மா. இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?"

"அலைஞ்சாச்சு. இன்னும் கொஞ்சம் அலைஞ்சுட்டுப் போறேன்."

டெக்லன் கூண்டில் ஏறி உட்கார்ந்தான். கழுத்தில் பட்டை. கையில் தடி. படிக்குப் படி முனகல் வேறு.

"ஒரு பால் டப்பா கூடத் தூக்க முடியல, யுவர் ஆனர்... குனிஞ்சா நிமிர முடியல."

நீதிபதி ஓர்த்தா பீல் திரும்பினார். "நீங்க குறுக்கு விசாரணை பண்றீங்களாம்மா?"

யானினா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எக்ஸ்ரே, டாக்டர் ரிப்போர்ட்... அவளுக்கு எதுவும் புரிந்ததில்லை. தெரிந்ததெல்லாம் தன் தெரு மட்டும்தான்.

"டெக்லன், நேத்து நல்ல பனி, இல்ல?"

"முழங்கால் வரைக்கும்."

"உன் வீட்டு முன்னாடி ரோட்ல ஒரு நாற்காலி கிடக்கே... உன்னுதா?"

"ஆமா. என் கார் நிறுத்தற இடம்."

அந்த ஊரில், பனியை அள்ளி இடத்தைச் சுத்தம் செய்தவன் ஒரு பழைய நாற்காலியைப் போட்டு வைப்பான். பனி உருகும்வரை இடம் அவனுடையது. அள்ளாமல் நாற்காலி போட்டவனிடம் தெருவில் ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

"நீதான் குனியவே முடியாதவனாச்சே. அப்ப எவனோ அள்ளின இடத்துல நாற்காலி போட்டிருக்க. திருட்டு இடம். அதைத் தூக்கிக் கடாசிட்டு நான் காரை நிறுத்தினா தப்பில்லையே?"

"ஆட்சேபணை..." ஹாலோரன் எழுவதற்குள் டெக்லனின் முகம் சிவந்துவிட்டது.

"யாரு திருடன்? என் நாற்காலியைத் தூக்கிட்டியா நீ? விடியறதுக்கு முன்னாடி எழுந்து நானே அள்ளினேன்! இந்தக் கையால! ரோட்டோரம் மொத்தமும்!"

எழுந்து நின்றுவிட்டான். தடி கீழே விழுந்து உருண்டது.

டெக்லன் மெல்லத் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தான். ஹாலோரன் ஃபைலை மூடினார்.

"வழக்கு தள்ளுபடி," என்றார் நீதிபதி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு யானினாவை முறைத்தார். "ஆனா நானும் இந்த ஊர்க்காரிதாம்மா. அள்ளினவன் இடம் அள்ளினவனுக்குத்தான். முதல்ல போய் உங்க காரை எடுங்க."

யானினா கோட்டை மாட்டிக்கொண்டாள். வீடு தப்பித்தது. இருந்த களைப்பில் சிரிப்புக்கூட முழுசாக வரவில்லை.

"எந்தக் கார், யுவர் ஆனர்? அதை வித்து ஆறு மாசமாச்சு. நான் பஸ்லதான் வந்தேன்."