பகலில் மட்டும் பச்சைப் புள்ளி

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், சந்திரலேகாவின் விசாரணை அலுவலகத்துக்குப் போகும் மாடிப்படியில் ஒரு பெண் ஏறினாள். பாதியில் நின்றாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள்.

“மேடம், கேஸு வந்துகினு இருக்கு,” என்று ஜன்னலிலிருந்து திரும்பினார் ஆதிமூலம். “ஏறுது, இறங்குது. காதல் கேஸுதான்.”

“செருப்பு தேஞ்சிடப் போவுது. போய்க் கூட்டியாங்க,” என்றார் சந்திரலேகா, அவித்த மல்லாட்டையின் தோலை உரித்து, கடலையை வாயில் போட்டபடி.

சந்திரலேகா போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எப்படி, பெண் எப்படி என்று விசாரித்துச் சொல்வது இப்போது அவர் தொழில். ஆதிமூலம் ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர். எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு இங்கே சேர்ந்துகொண்டார். எத்தனையோ தாலிகட்டைக் கேமராக் கண்ணாடி வழியே பார்த்த மனுஷன். கல்யாணம் ஒன்று நின்றுபோனால் ராத்திரி அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுவதும் அவர்தான்.

வந்தவள் பெயர் ஷீபா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் அமல். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் ஆசிரியன். கோயிலில் ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பூசையில் சபையைப் பார்த்து வாசிப்பார்கள். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதோடு தடை சொல்லும் தவணை முடிந்தது.

“தடையை நானே போய் ஃபாதர்கிட்ட சொல்லிடலாமான்னு இருக்குதுங்க்கா,” என்றாள் ஷீபா. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“எதைப் பாத்து அப்படித் தோணுது?”

ஷீபா தன் போனை நீட்டினாள். “மேல சிக்னலே கிடையாதுன்னுவாரு. சாயங்காலம் ஒரு தரம் கூப்டுவாரு, அவ்ளோதான். ஆனா இன்ஸ்டாவுல பகல் முழுக்க அவரு பேருகிட்ட, ஆளு உள்ள இருக்காருன்னு காட்டற பச்சைப் புள்ளி எரிஞ்சிகினே இருக்குதுங்க்கா. கிளாஸ் எடுக்கற நேரத்துல. அவரு இதயம் போட்ட வீடியோ எல்லாம் எனக்கும் வந்து நிக்குது. பாருங்க.”

சந்திரலேகா பார்த்தார். வளைகாப்பு வளையல், ரவிக்கைக் கையில் பூவேலை, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் விதம், தொட்டில் கட்டும் விதம்.

“ராத்திரியும் பச்சை எரியுதா?”

“இல்லைங்க்கா. பொழுது சாஞ்சா அணைஞ்சிடும். நானும் தூங்காம பாத்துகினு கிடப்பேன்.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “போன ஞாயித்துக்கிழமைதான் எனக்கு உசுரே போச்சு. பூசைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவரு போனை நான்தான் வாங்கி, ஆஃப் பண்ணி, என் கைப்பையில வச்சிருந்தேன். வெளிய வந்து பாக்கறேன், பூசை நடக்கும்போது யாரோ போட்ட வளையல் வீடியோவுக்கு அவரு பேருல இதயம்.”

ஆதிமூலம் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். “ஒருத்தி இருக்கா மேடம். வளைகாப்புக்குக் காத்துகினு இருக்கா. பாஸ்வேர்டை ஒருத்தன் யாருக்குக் குடுப்பான்? பொண்டாட்டிக்குத்தான்...”

சந்திரலேகா திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். மல்லாட்டைத் தட்டு ஷீபாவின் பக்கம் நகர்ந்தது.

“சாப்புடும்மா. அந்தப் பேருலயிருந்து யாருக்காவது ஏதாவது எழுதியிருக்கா?”

“ஒரு வார்த்தை கிடையாதுங்க்கா. இதயம் மட்டுந்தான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம்மேலயும் ஆசை இல்லாம இல்ல. நான் எந்தப் போட்டோ போட்டாலும் மொத இதயம் அவருதுதான். சின்ன வயசுல கோயில்ல புதுநன்மை வாங்கினப்ப எடுத்த பழைய போட்டோ வரைக்கும் போயிப் போட்டிருக்காரு. அதனாலதான் மனசு ரெண்டுங்கெட்டானா கிடக்குது,” என்றாள்.

“அந்த இதயமும் பகல்லதானா?”

“ஆமாங்க்கா.”

“அவரு போனுல இன்ஸ்டா இருக்கறத நீ பாத்திருக்கியா?”

ஷீபா பதறிப்போனாள். “ஐயோ, அவரு போனை நான் தொறந்ததே இல்லைங்க்கா. அது தப்பில்ல?”

ஆதிமூலத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ராவெல்லாம் கண்விழித்து ஒருவனைக் காவல் காக்கிறாள், கைப்பைக்குள் கிடந்த போனைத் திறக்கமாட்டாளாம்.

“அது எப்ப வாங்கின போனு?”

“நிச்சயத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்தது. அதுக்கு முன்னாடி வச்சிருந்தது, என் மொத சம்பளத்துல நான் வாங்கிக் குடுத்தது. நீலக் கவர் போட்டது.”

“இப்ப எங்க இருக்கு?”

“கேட்டேன். பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குன்னாரு.”

சந்திரலேகா கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். “நாளைக்கு லீவு சொல்லிடு. மூணு பேரும் மலைக்குப் போய்ட்டு வரலாம்.”

மறுநாள் கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ், அதற்கப்புறம் வளைவு வளைவாக மலையேறியது. ஷீபா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். திரையில் பச்சை எரிந்தது. ஒரு வளைவில் அவளுடைய சிக்னலே போய்விட, போனைத் தலைகீழாக மடியில் கவிழ்த்துவிட்டு வெளியே பார்த்தாள். ஆதிமூலம் பின்சீட்டிலிருந்து, “என்ன கண்டுபுடிச்சீங்கன்னு கொஞ்சம் கோடி காட்டுங்க மேடம்,” என்று கெஞ்சிப் பார்த்தார். சந்திரலேகா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்தார்கள். “அமல் வாத்தியார் வூடு எங்க இருக்கு?” என்று ஆதிமூலம் ஆரம்பித்தார்.

“வூடு இருக்கட்டும்,” என்று குறுக்கிட்டார் சந்திரலேகா. “அந்த ஊருல போன் எங்க எடுக்கும், தம்பி?”

“ஊருக்குள்ள எங்கயும் எடுக்காதுங்க, பள்ளத்துல கிடக்குது,” என்றார் ஜீப்காரர். “மேட்டுல ஒரு பாறை இருக்கு. அங்கதான்.”

“அங்கயே வுடுங்க.”

பாறையை ஒட்டி ஒரு கடுக்காய் மரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளைகளில் மஞ்சள் பைகளும் துணிப்பைகளும் காய்த்ததுபோலத் தொங்கின. மரத்தடியில், சாக்கு விரித்து, நிறைமாதத்தில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் நீலக் கவர் போட்ட போன்.

ஆதிமூலம் ஷீபாவைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னது அப்படியே பலித்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது. பலித்ததில் அவருக்குத் துளியும் சந்தோஷமில்லை. ஷீபா நடையை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“ஷீபாப் பொண்ணுதான நீயி? போட்டோவுல இன்னும் கொஞ்சம் செவப்பா இருந்தியே.”

ஷீபா பதில் சொல்வதற்குள் மரத்தில் ஒரு பை மணியடித்தது. அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எந்தப் பை என்று தடுமாறாமல் எடுத்து, கீழே மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏ அம்மாசி, உன் தம்பி கூப்புடறான், ஓடியா.”

கொல்லையிலிருந்து ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“எல்லார் போனும் காலையில இங்க வந்துடும்,” என்று விளக்கினாள் அவள். பெயர் சாலம்மாள். “வூட்டுல வச்சா செத்த பொணம், இங்க தொங்குனாதான் உசுரு. கிட்ட இருக்கறவங்க எடுத்துக் கத்துவோம். எனக்கு இப்ப குனிஞ்சி வேலை செய்ய முடியாது, அதனால நாந்தான் காவலு. பொழுது சாயறப்ப அவங்கவங்க எடுத்துகினு போய்டுவாங்க.”

“இந்த நீல போனு?” என்றார் சந்திரலேகா.

“வாத்தியாரு குடுத்தது. எங்க வூட்டுக்காரரு கரியன் மிளகு பறிக்கக் கேரளாவுல இருக்காரு. வலி எடுத்தா ஆம்புலன்சைக் கூப்புடணும், வச்சிக்கன்னு குடுத்துட்டாரு. தொறந்தா பொம்மை பொம்மையா வருது. உக்காந்துகினே இருக்கேனா, புடிச்சிருந்தா தொட்டு தொட்டு விடுவேன், இதயம் வரும். தப்பா?”

“தப்பில்ல,” என்று சொன்ன சந்திரலேகா பாறையின் மேல் உட்கார்ந்தார். “இப்பக் கேளுங்க ஆதிமூலம். பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்குன்னு நீங்க தேடினீங்க. பாஸ்வேர்டை யாரும் குடுக்கலை. போனையே குடுத்துட்டு, இன்ஸ்டா கணக்கை மூடாம வுட்டுட்டாரு. பழைய போன் ஒண்ணு இருக்குன்னு ஷீபாவே சொன்னா.”

“அது சரி மேடம். கள்ளத்தனம் இல்லைன்னு எப்படித் தெரிஞ்சிது?”

“கள்ளக் காதலுக்கு ராத்திரிதான வசதி? இங்க பொழுது சாஞ்சா புள்ளியே அணைஞ்சிடுது. அப்ப அந்த போனு பகல்ல ஒரு எடத்துல, ராத்திரி சிக்னல் இல்லாத வேற எடத்துல இருக்கணும். மலையில அப்படி எடம் சிக்னல் மேடுதான். இன்னொண்ணு, இத்தனை நாள்ல ஒரு வார்த்தை எழுதலை. தன்னுதுன்னு நெனைக்கிறவங்க எழுதுவாங்க. இது அடுத்தவங்க பொருளு, சும்மா பாத்துகினு இருக்கற கை.” ஷீபாவின் பக்கம் திரும்பினார். “எல்லாத்தையும் விட, உன் போட்டோவுக்கு விழுந்த இதயம். போட்டிக்காரியா இருந்தா உன் புதுநன்மைப் போட்டோ வரைக்கும் தேடிப் போயி ஆசையா தொடுவாளா?”

“வெள்ளை கவுனுல, கையில மெழுகுவத்தி வச்சிகினு, பல்லு இல்லாம,” என்றாள் சாலம்மாள். “எனக்குப் பொறக்கறது அப்படி இருக்கட்டும்னு அதைத் தெனமும் பாப்பேன்.”

ஷீபா அவளருகில் சாக்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இன்னொன்று உறைத்தது. “அப்ப அவரு எனக்கு ஒரு இதயங்கூடப் போடலையாங்க்கா?”

“வாத்தியாருக்கு அதுக்கு ஏது நேரம்,” என்று சிரித்தாள் சாலம்மாள். “பள்ளிக்கூடம் வுட்டதும் பள்ளத்துலயிருந்து மூச்சு வாங்க ஏறி வருவாரு. இந்தப் பாறையில நின்னு உன்கிட்டப் பேசுவாரு. மழையா இருந்தா சாக்கைப் போத்திகினு நிப்பாரு. நாங்க இதை ஷீபா பாறைன்னுதான் சொல்றது. ஊர்ல யாருக்கு போன் பேசணும்னாலும், ஷீபா பாறைக்குப் போய்ட்டு வரேன்னுதான் சொல்லிட்டுக் கிளம்புவாங்க.”

ஷீபா பாறையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மறுபடி வாடியது.

“பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குன்னு ஏங்க்கா பொய் சொன்னாரு? குடுத்தேன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

“போன் எங்க இருக்குன்னு நான் கண்டுபுடிச்சிட்டேன்,” என்றார் சந்திரலேகா. “அவரு மனசுல இருக்கறதை நீ கேட்டாதான் வரும். நான் வந்து துப்பறிய முடியாது. கேளு. அவரு சொல்ற பதிலை வச்சி ஞாயித்துக்கிழமை ஓலையை நீ முடிவு பண்ணு.”

மரவள்ளிக் கொல்லையில் நிழல் நீண்டது. ஆட்கள் வந்து அவரவர் பையை எடுத்துக்கொண்டு, ஷீபாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப்போனார்கள். பள்ளத்துப் பாதையில் ஒருவன் ஏறிவருவது தெரிந்தது. சாலம்மாள் விரலை உதட்டில் வைத்துக் காட்ட, எல்லாரும் மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள். ஒண்டுவதற்குப் பெரிதாகச் சிரமப்பட்டவர் ஆதிமூலம்தான், தொப்பை அப்படி.

அமல் பாறையில் ஏறி, கள்ளக்குறிச்சி இருக்கும் கிழக்குப் பக்கமாகத் திரும்பி, மூச்சு அடங்கும்வரை நின்றான். முடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டான். போனில் பேசுகிறவனுக்கு முடி எப்படி இருந்தால் என்ன என்று ஆதிமூலம் நினைத்தார்.

ஷீபாவின் கையில் சத்தமில்லாமல் போன் அதிர்ந்தது. எடுத்தாள்.

“சாப்டியா?” என்றான் அமல், பாறையின் மேலிருந்து.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “நான் வாங்கிக் குடுத்த பழைய போனு எங்க இருக்கு?”

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்துக்கொண்டான். சாலம்மாள் ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெட்டியில இல்ல ஷீபா,” என்றான். “இங்க ஒரு புள்ளத்தாச்சிக்குக் குடுத்துட்டேன். உன் மொத சம்பளத்துல வாங்குனது. அதைப் போயி தூக்கிக் குடுத்துட்டியான்னு நீ அழுதா, நான் இங்கயிருந்து இன்னா பண்ணுவேன்? அந்தப் பயத்துல அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். அன்னியிலயிருந்து உறுத்திகினேதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஓலைக்கு முன்னாடி நேர்ல சொல்லணும்னு இருந்தேன். கோவமா?”

“கோவந்தான்,” என்றாள் ஷீபா. “நானும் உங்கமேல ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அதைச் சொன்னா உங்களுக்கும் கோவம் வரும். சரிக்குச் சரியாப் போவும்.”

“இன்னா தப்பு?”

“திரும்பிப் பாருங்க, சொல்றேன்.”

அமல் திரும்பினான். ஆதிமூலம் அவசரமாகத் தன் போனை எடுத்துக் கேமராவைத் திறந்தார். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. சந்திரலேகா அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

“பாத்துகினே இருந்தது போதும்,” என்றார். “வாங்க, ஜீப்பு போயிடாம நிறுத்தி வைப்போம். அவ பேசிட்டு வரட்டும்.”