இரண்டு பேரைத் தாங்கும்

எறோல் அந்தப் பழைய பைப்பை லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு படலைக்குள் நுழைந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து, படகுகள் மறுபடியும் தாராளமாகக் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். எறோலுக்குச் சொந்தமாக இரண்டு படகு. வீட்டிலிருந்தே படகுகளோடு பேச சி.பி. றேடியோ வாங்கியிருந்தான். அதற்கு அன்ரெனா வேண்டும், அன்ரெனாவுக்கு உயரமான கம்பம் வேண்டும்.

"புதுசா ஒண்டு வாங்க வக்கில்லையோ?" என்றேன். எனக்கு வாய் பொல்லாதது. என் புருஷனின் வளவிலேயே அவன் தம்பி எறோல் போடும் சோற்றைத் தின்கிறேன் என்பதற்காக நான் அதை அடக்கிக்கொண்டதில்லை.

"நல்ல இரும்பை ஆராவது எறிவாங்களோ, அண்ணி?"

வெள்ளைக்காரக் கலப்பில் வந்த பறங்கியர் நாங்கள். இரும்பு வேலைதான் பரம்பரைப் பிழைப்பு. துருப்பிடிக்காத பைப்பை எறிய எங்கள் ஆட்களுக்கு மனம் வராது.

அது என் புருஷன் வெய்ன் சமாதான காலத்தில் நட்ட கம்பம். "ரெண்டு ஆம்பிளையள் ஏறினாலும் அசையாது" என்று முகத்துவாரம் ஊர் முழுக்கப் பெருமையடித்தான். சுனாமி வந்த ஞாயிறு நான் டவுனில் பூசையில் இருந்தேன். ஓடி வந்து பார்த்தால் வீட்டுக்குச் சுவரில்லை. கம்பம் மட்டும் நின்றது, அதன் உச்சியில் எறோல். அண்ணனை வாசலிலேயே தண்ணீர் இழுத்துப்போனதைக் கண்ணால் கண்டேன் என்று அழுதான்.

வெய்னின் உடல் கிடைக்கவில்லை. அவன் கடைசியாக எங்கே நின்றான் என்றாவது தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன் என்று எறோலை விடாமல் கேட்டேன். ஒருமுறை முன்வாசல் என்றான். இன்னொருமுறை பின்வாசல் என்றான். பிறகு சண்டை மூண்டு, ஆமி சொல்லி கம்பத்தைக் கழற்றினார்கள். பைப் பட்டறைக்குப் பின்னால் கிடந்தது.

அன்று மத்தியானமே அதை நிமிர்த்தினோம். பழைய கொங்கிறீற் அடியில் பைப்பை நிறுத்தி, எறோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சாயாமல் மூன்று பக்கமும் இழுத்துக் கட்ட மூன்று கம்பி. ஒன்றை வெல்டிங்காரர் யோசேப் பிடித்தார், ஒன்றைப் படகோட்டி சுஜீவன். மூன்றாவது என் கையில். றேடியோ இன்னும் கரண்டும் அன்ரெனா வயரும் கொடுக்காமல் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்தது.

காற்று நின்றுவிட்டது. வாவிச் சேற்றின் மணம் மெல்ல வந்து, தொண்டையில் கசந்தது.

"பைப் ஈரமாக் கிடக்கு" என்றான் எறோல்.

கொளுத்தும் வெயில். மழையைக் கண்டு மாதக்கணக்கு.

அவன் கைகளுக்கு மேலே, பைப்பில் ஒரு கைத்தடம். தண்ணீரால் ஆனது. காயாமல் அப்படியே இருந்தது. ஆட்காட்டி விரல் பாதியோடு நின்றது.

வெய்னுக்கு அந்த விரலில் பாதியை லேத் மெசின் கொண்டுபோயிருந்தது.

தடம் இறங்கியது.

எறோலின் விரல்களுக்கு மேல் வந்து நின்றது.

"அண்ணி, என்ர கையை எடுத்து விடுங்க. எனக்கு எடுக்க ஏலாமக் கிடக்கு."

"விளையாடாத, மனே. ஒழுங்காப் பிடி" என்றார் யோசேப்.

அப்போது குசினிக்குள் றேடியோ இரைந்தது. இரைச்சலுக்குள்ளே தண்ணீர் புரளும் சத்தம். அதற்குள்ளே மூச்சு வாங்கும் ஒரு குரல். அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியவள் நான். எனக்கா தெரியாது?

"தம்பி, என்ர கையில இருந்து காலை எடு. ரெண்டு பேரையும் தாங்கும்."

மறுபடியும் அதுவே.

மறுபடியும்.

எறோல் நெற்றியைப் பைப்பில் முட்டிக்கொண்டு அழுதான். "தாங்காது எண்டு நினைச்சன் அண்ணா. ரெண்டு பேரும் செத்திருவம் எண்டு நினைச்சன்."

ஆக, வாசலுமில்லை, ஒன்றுமில்லை. இங்கேதான் நின்றிருக்கிறான் என் மனுஷன். இந்தப் பைப்பில் தொங்கியிருக்கிறான். அவன் விரல்களை மிதித்துத் தள்ளிவிட்டு, அவன் வீட்டிலேயே எனக்குச் சோறு போட்டிருக்கிறான் இவன்.

கம்பியை விட்டிருந்தால் கம்பம் எறோலின் மேலேயே சரிந்திருக்கும். ஆனால் நான் விடவில்லை. நிலத்தில் அறைந்திருந்த முளையில் சுற்றி, பலம் உள்ளமட்டும் முறுக்கிக் கட்டினேன். வெய்னின் கம்பம் அசையாமல் நின்றது.

எறோலின் கைகளை யோசேப்பும் சுஜீவனுமாகக் கழற்றி எடுத்தார்கள். விரல்கள் நிமிரவில்லை. பைப்பைப் பிடித்த வளைவிலேயே இறுகிப்போயின. பெரியாஸ்பத்திரியிலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று அனுப்பிவிட்டார்கள். நான்தான் சோறு ஊட்டுகிறேன். "கம்பத்தை இறக்குங்க அண்ணி" என்று ஒவ்வொரு கவளத்துக்கும் கெஞ்சுகிறான். நல்ல இரும்பு, எறிய மனமில்லை என்கிறேன்.

இன்று காலை சுஜீவன் கடலிலிருந்து நேரே இங்கே வந்தான்.

"அக்கா, காத்து மாறப்போகுது, கரைக்கு வாங்க எண்டு உங்கட றேடியோ செற்றில சொன்னது ஆரு?"

"எறோலாக்கும்."

"அவருக்கு மைக்க அமத்த ஏலாதே."

சுஜீவன் குரலைத் தாழ்த்தினான்.

"பிறகு அந்தக் குரல் உங்களுக்கும் ஒரு சேதி சொன்னது. ரெண்டு பேரைத் தாங்குமாம், ஒராள்தான் கம்பத்தில நிக்குதாம். மற்றாளை அனுப்பட்டாம்."

கதிரையில் இருந்த எறோல் என்னைப் பார்த்தான். மூடிய கைகளுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

சுஜீவன் போனதும் நான் அந்தக் கதிரையை எறோலோடு சேர்த்து வளவுக்கு இழுத்தேன். அவன் குழறினான், நான் நிற்கவில்லை. கம்பத்தடியில் கொண்டுபோய் வைத்தேன்.

பைப்பில் அந்தக் கைத்தடம் தாழ இறங்கியிருந்தது. கதிரையில் இருப்பவனின் கழுத்து உயரத்துக்கு.