உடையாத பருப்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம் புங்கமர நிழலில் பெண்கள் விதைக்கடலை உரிக்க உட்கார்ந்தால், ஹரிதாவுக்குக் கொண்டாட்டம்தான். அவள் கடலை உரிக்க வேண்டியதில்லை. அம்மாவின் போனில் கதை படித்துச் சொன்னால் போதும்.

ஆந்திராவில் புத்தூர்ப் பக்கத்து அந்த ஊரில் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது தெலுங்கு. அதனால் ஹரிதாவின் கண் தெலுங்கில் படிக்கும், வாய் தமிழில் சொல்லும். சொல்லச் சொல்ல, கடலைத் தோல் குவியல் அவளுக்கு மலையாகிவிடும். வெயிலில் மிதக்கும் தூசு பொன்னாகிவிடும். ஐந்தாம் வகுப்பு ஹரிதா எங்கேயோ போய்விடுவாள்.

எல்லோரும் காத்திருப்பது வாராவாரம் வரும் புதிய காதல் தொடருக்குத்தான். திருப்பதியில் பூக்கடை வைத்திருக்கும் பத்மஜாவை விட்டுவிட்டு, வேலை தேடி ஐதராபாத் போன கிரண் திரும்பி வருவானா?

"வருவானாடி?" என்று முதலில் கேட்பவள் அம்சவேணி சித்தி. கேட்டுக்கொண்டே அவள் அமுக்குகிற அமுக்கில் பருப்பு இரண்டாகிவிடும்.

"அய்யோ அம்சா, ஒடஞ்சா மொளைக்காதே!" என்பாள் அம்மா.

உடைந்ததெல்லாம் தம்பி யஸ்வந்தின் வாய்க்குள் போகும். அதனால் அவனுக்குச் சோகக் கதைகள் என்றால் உயிர்.

சித்திக்கு என்ன கவலை என்று ஹரிதாவுக்குத் தெரியும். பெங்களூரில் வண்டி ஓட்டும் நாகேந்திரன் சித்தப்பா, ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. சித்தி போனில் சண்டை போட்டாள். அதோடு பேச்சு நின்றுபோனது. "அவரே மொதல்ல போன் பண்ணட்டும்" என்று சித்தி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று புதிய பகுதியைத் திறந்ததும் ஹரிதாவுக்குத் திக்கென்றது. கிரணுக்கு ஐதராபாத்தில் கல்யாணமே ஆகிவிட்டது!

"என்னடி, வந்துட்டானா?"

பொய் சொல்ல ஹரிதாவுக்கு மனம் வரவில்லை. "இல்ல சித்தி. அங்கியே வேற கல்யாணம் பண்ணிக்கினான்."

சித்தியின் முகம் சுண்டிப்போனது. படக், படக் என்று பருப்புகள் உடைந்தன. யஸ்வந்த் இரண்டு கையையும் நீட்டினான். ஹரிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சட்டென்று அவள் பழங்காலக் காவியங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள்.

"சித்தி, இன்னொரு கதை. ரொம்பப் பழசு. ஒரு ராஜாவும் ராணியும் சண்டை போட்டுக்கினாங்க. ராஜா கடல் தாண்டிப் போயிட்டாரு. ராணி காத்துக்கினே இருந்தா. அப்புறம் ஒரு கிளிகிட்ட சேதி சொல்லி அனுப்பினா. கிளி போய்ப் பார்த்தா, ராஜா மாடத்துல நின்னுக்கினு வானத்தையே பார்த்துக்கினு இருக்கறாரு. 'ராணிகிட்டேருந்து ஒரு சேதியும் வரலியே'ன்னு!"

சித்தியின் கை நின்றது. "மொதல்ல அனுப்பறதுக்கு ராணிக்கு வெக்கமா இல்லியாமா?"

"அதெல்லாம் இதுல எழுதல சித்தி. கிளி பறந்துச்சுன்னுதான் இருக்குது." ஹரிதா குரலைத் தாழ்த்தினாள். "உங்கிட்டதான் போனே இருக்குதே. கிளியவிட சீக்கிரம் போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள்.

"சாப்ட்டீங்களா?" என்று ஒரு சொல் கேட்டது. அப்புறம் வெறும் கிசுகிசுப்புதான்.

திரும்பி வந்த சித்தியின் கண் ஈரமாக இருந்தது. முகம் பளிச்சென்று இருந்தது. "நான் பண்ணுவேன்னு போனையே பார்த்துக்கினு இருந்தாராம். திட்டுவேன்னு பயமாம்! வர சனிக்கிழமை வராராம்."

ஹரிதாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அவள் மறுபடி உரிக்க உட்கார்ந்தாள். செக்கச்செவேலென்று முழுப் பருப்புகள் ஒவ்வொன்றாக முறத்தில் விழுந்தன.

யஸ்வந்த் கையை நீட்டியபடி பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா," என்றான் கடைசியில், "அந்தக் கிரண் கதையவே படி! எனக்குத் துன்ன ஒண்ணுமே ஒடைய மாட்டேங்குது!"